குழாயடியில் யார் நிற்பது?

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு, வணக்கம்.

சென்ற வியாழக்கிழமை எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பா என்னைப் பார்க்க வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "சார், என் பையன் தட்டுக் கழுவுவதற்கா பள்ளிக்கூடம் வருகிறான்?" என்று கேட்டார்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லெந்து நாட்கள் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) தொடங்கியதிலிருந்து நம் பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முறைவைத்து மதிய உணவு நேரத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்கிறார்கள். தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது, சிந்திய சாம்பாரைத் துடைப்பது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் தட்டுகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைப்பது. மொத்தம் இருபது நிமிட வேலை. கிறிஸ்தவப் பள்ளி என்று பெயர்ப்பலகையில் எழுதினால் மட்டும் போதுமா, பிள்ளைகள் கையால் ஏதாவது செய்ய வேண்டாமா என்ற எண்ணத்தில் நான்தான் இதைத் தொடங்கினேன்.

அந்த அப்பா கேட்டதும் எனக்குள் ஒரு பிரசங்கம் தயாராகிவிட்டது. உழைப்பின் பெருமை, தாழ்மை, காந்தி என்று மேடைக்கு மேடை பேசிப் பழகிய வாய் அல்லவா! நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவரே சொன்னார்: "நான் படிக்கும்போது வகுப்பைக் கூட்ட வாத்தியார் யார் யாரைக் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரியும் சார். அதனால்தான் கேட்கிறேன்."

தயாராக வைத்திருந்த பிரசங்கத்தை அப்படியே விழுங்கிவிட்டேன். வீம்பாக வந்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். அவர் வந்தது நினைவைச் சுமந்துகொண்டு. நம் ஊர்களில் யார் குனிய வேண்டும் என்பது ஒருவர் பிறப்பதற்கு முன்பே முடிவு செய்யப்பட்டிருந்தது. அந்த வரிசையில் தலைமுறை தலைமுறையாக நின்றவரிடம் போய், "குனிந்து சேவை செய்யப் பழகு" என்று வேதவசனத்தோடு சொல்வதைப் போன்ற கொடுமை வேறில்லை. முறைப்பட்டியலை எடுத்து அவரிடம் காட்டினேன். பெயர்கள் அகரவரிசையில்தான் இருந்தன. யாரையும் பொறுக்கி எடுக்கவில்லை. அவர் மேலிருந்து கீழே வரை விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதில் வாத்தியார்கள் பெயர் இல்லையே சார்" என்றார்.

இல்லைதான். அது என் பிழை. இந்தக் கடிதத்தை எழுதுவதே அதற்காகத்தான்.

யோவான் எழுதிய சுவிசேஷம் 13-ஆம் அதிகாரத்தைப் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன்தோறும் வாசிக்கிறோம். இயேசு பந்தியைவிட்டு எழுந்து, மேல்வஸ்திரத்தைக் கழற்றி வைத்து, சீலையை, அதாவது துடைக்கும் துணியை, அரையில் கட்டிக்கொண்டு, சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். புழுதி படிந்த கால்களைக் கழுவிவிடுவது அந்தக் காலத்தில் வீட்டு வேலைக்காரர் செய்கிற வேலை. அங்கே சீலையைக் கட்டிக்கொண்டவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "ஆண்டவரும் போதகருமாகிய நானே" என்று அவரே அழுத்திச் சொல்கிறார். கீழே இருந்தவர்களை இன்னும் கீழே குனியச் சொல்லவில்லை. அந்த அறையில் உயரமாக இருந்தவர் இறங்கினார். போதகர் என்றால் வாத்தியார்தானே! இத்தனை வருடம் வாசித்த எனக்கு, நம் பட்டியலில் வாத்தியார் பெயர் இல்லாதது உறைக்க ஓர் அப்பா கடையை அடைத்துவிட்டு வர வேண்டியிருந்தது.

எனவே புதுப் பட்டியல் போட்டிருக்கிறோம். முதல் பெயர் என்னுடையது. அடுத்து ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள். அதன் பிறகு மாணவத் தலைவர்கள், வகுப்புத் தலைவர்கள். அதற்கும் பிறகே மற்றப் பிள்ளைகள். அதுவும் விரும்பிப் பெயர் கொடுத்தவர்கள் மட்டும். பெயர் கொடுக்காத பிள்ளையை யாரும் ஏனென்று கேட்கக் கூடாது என ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். தண்டனையாக இந்த வேலையை யாருக்கும் கொடுப்பதில்லை. கழிவறையைச் சுத்தம் செய்யும் வேலை எந்தக் காரணத்துக்காகவும் எந்தப் பிள்ளையிடமும் தரப்பட மாட்டாது. அப்படி யாராவது சொன்னதாக உங்கள் பிள்ளை வீட்டில் வந்து சொன்னால், அன்றைக்கே எனக்குத் தெரியப்படுத்துங்கள்.

இன்னொரு பிழையையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். சென்ற கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளை ஒரு முதியோர் இல்லத்துக்கு அழைத்துப் போனோம். கேக், போர்வை, பாட்டு, புகைப்படக்காரர். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. கிளம்பும்போது ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, "படம் எடுத்தாயிற்றா, கொஞ்ச நேரம் உட்காரலாமா?" என்று கேட்டார். வேன் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். "வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்ற வசனத்தைப் பள்ளிச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். அந்தப் படம் மூன்று மாதம் அந்தச் சுவரின் பக்கத்திலேயே தொங்கியது. இந்த ஆண்டு அந்தப் பயணம் கிடையாது. பிறகு எப்போதாவது போனால் நான்கு பேர் போவோம், கேமரா இல்லாமல், உட்கார நேரம் வைத்துக்கொண்டு.

இந்தப் பருவத்தில் காலை வணக்கத்தில் கதைகளுக்குப் பதிலாக வேலூரைப் பற்றிச் சொல்லி வருகிறேன். வீட்டில் பிள்ளைகள் எலி, பூனை என்று ஏதாவது சொல்லியிருந்தால் அதற்குக் காரணம் நான்தான்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி உங்களில் பலருக்குத் தெரிந்த இடம். நம் பக்கத்திலிருந்து ரயிலேறிப் போய் வராத குடும்பம் குறைவு. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனரி குடும்பத்துப் பிள்ளையாக இருந்தும் இந்தியாவில் வேலை செய்யும் எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் தனித்தனியாக வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைக் காப்பாற்ற வரும்படி அவரைக் கூப்பிட்டார்கள். மருத்துவரான அவருடைய தகப்பனாரை வேண்டாம் என்றார்கள். ஆண் மருத்துவர் கூடாது. ஐடாவுக்கோ அப்போது மருத்துவம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அமெரிக்கா போய்ப் படித்துவிட்டுத் திரும்பியவர், 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஒரு சிறிய மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" என்ற மாற்கு 10:45 வசனமே அந்த நிறுவனத்தின் குறிக்கோள் வாக்கியம்.

பிள்ளைகளுக்கு ஐடாவைவிட அதிகம் பிடித்தவர் பால் பிராண்ட். 1914-இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்த இந்த அறுவை மருத்துவர் 1946-இல் வேலூருக்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பிடித்துப் பார்த்தபோது அந்தக் கை இவருடைய கையை வலிக்கும்படி நெரித்தது. தான் இவ்வளவு அழுத்துகிறோம் என்பதே அந்த மனிதருக்குத் தெரியவில்லை. கையில் வலு இருக்கிறது, உணர்வுதான் இல்லை என்று பிராண்டுக்கு அங்கே பிடிபட்டது. நன்றாக இருக்கும் தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலை இழுக்கும்படி மாற்றிப் பொருத்தும் அறுவையை வேலூரில் வளர்த்தெடுத்தார்.

அதன் பிறகும் சில நோயாளிகளின் விரல் நுனிகள் இரவோடு இரவாகக் காணாமல் போயின. ஒளிந்திருந்து பார்த்தபோது எலி கடித்துக்கொண்டிருந்தது. வலி தெரியாததால் தூங்குகிறவர் விழிக்கவே இல்லை. அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகிற நோயாளிகளுடன் ஒரு பூனையையும் அனுப்பி வைத்தார்கள்! விரல்களை நோய் தின்று தீர்க்கிறது என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. உணர்வற்ற கைகாலில் படுகிற சூடும் காயமும் கவனிப்பாரற்றுப் போவதே சேதத்துக்குக் காரணம் என்று அவர் காட்டினார்.

கால் விஷயம் இன்னும் கடினமாக இருந்தது. செருப்பின் ஆணி குத்தினாலும் தெரியாத கால்கள். புண்ணை ஆற்றி அனுப்புவார்; அதே புண்ணோடு திரும்பி வருவார்கள். கடைசியில் செருப்பையே ஆராய ஆரம்பித்தார். பல பொருள்களில் செய்து பார்த்து, மெத்தென்ற நுண்துளை ரப்பருக்கு வந்து சேர்ந்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று அதைத்தான் இன்றும் சொல்கிறோம். படித்த அறுவை மருத்துவர் செருப்பு வேலையில் இறங்கினார் என்பதை நம் ஊரில் சொல்லும்போது அதற்கு ஒரு தனி அர்த்தம் இருக்கிறது. உங்களுக்கே புரியும், விளக்கவில்லை. எனக்குப் பெரிய வியாழன் நினைவுக்கு வருகிறது. ஆலயத்தில் முன்கூட்டியே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்த கால்களின் மேல் ஒரு கிண்ணத் தண்ணீரை ஊற்றுகிறோம். உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கிறவருக்கு மட்டுமே புண் எங்கே இருக்கிறது என்று தெரியும். (தொழுநோய் இன்று மாத்திரையில் முழுதாகக் குணமாகும். அரசு மருத்துவமனைகளில் மாத்திரை இலவசம். தோலில் உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.)

வேலூரில் மருத்துவம் படித்த மேரி வர்கீஸ் 1954-இல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்து போனார். நின்றுகொண்டு அறுவை செய்ய முடியாது. கை அறுவையை உட்கார்ந்தே செய்யலாம் என்று சொல்லி அவரைச் சேர்த்துக்கொண்டார் பிராண்ட். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார் மேரி. பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, 1966-இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்துக்கு வழிகாட்டினார். ஊனமுற்றவருக்கு உதவி செய்வதுதான் சேவை என்று எழுதிக் கொண்டுவந்த ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் இதைச் சொன்னேன். கட்டுரையை வாங்கிக்கொண்டு போய்த் திருத்தி எழுதினான்.

கிறிஸ்தவப் பெற்றோருக்கு மட்டும் ஒரு வார்த்தை. "ஊழியம்" என்ற சொல் நம்மிடம் எப்படியோ ஒலிபெருக்கிக்குச் சொந்தமாகிவிட்டது. ஊழியம் செய்கிறார் என்றால் மேடையில் பேசுகிறார் என்று அர்த்தமாகிவிட்டது. வேதாகமத்தில் அந்த இடங்களில் வரும் கிரேக்கச் சொல்லுக்குப் பந்தியில் பரிமாறுவது என்பதும் ஒரு பொருள். நம் ஆலயங்களில் அசனம் (சபையார் கூடி உண்ணும் விருந்து) நடக்கும்போது பரிமாற ஆள் குறைவதே இல்லை. கறி வாளிக்குப் போட்டி வேறு. இலை எடுக்கும் நேரத்தில் அதே ஆட்கள் எங்கே போகிறார்கள்? அடுத்த அசனத்தில் சபையின் பெரியவர்கள் யாராவது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எச்சில் இலை எடுத்தால், என் பத்து வணக்க உரைகளைவிடப் பிள்ளைகளுக்கு அது நன்றாகப் புரியும்.

மற்ற சமயங்களைச் சேர்ந்த பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு எங்கள் பள்ளி எங்கிருந்து தூண்டுதல் பெறுகிறது என்பதை நாங்கள் மறைக்கவில்லை. உங்கள் பிள்ளை அதில் சேர்வதற்கு எங்கள் வேதத்தை ஏற்க வேண்டும் என்பதில்லை. உதவிக்குள் கொக்கி இருந்தால் அதற்குத் தூண்டில் என்று பெயர். பசித்தவருக்குச் சோறு போடுவது யாருக்கும் தனிச்சொத்தும் அல்ல. வள்ளலார் வடலூரில் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது.

இனி நடைமுறை. பெயர் கொடுக்க விரும்பும் பிள்ளைகளின் ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். இதற்காக ஒரு ரூபாயும் வாங்கப்போவதில்லை. சான்றிதழ் இல்லை, அணிப் புள்ளிகள் இல்லை, படமும் இல்லை. தோல் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை மட்டும் தரப்படும், சீட்டிலேயே குறிப்பிடுங்கள்.

அன்று வந்த அப்பா போகும்போது, புதுப் பட்டியல் போட்டால் ஒரு நகல் வேண்டும் என்று கேட்டிருந்தார். இந்தக் கடிதத்தோடு எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறேன். என் முறை திங்கட்கிழமை. அன்று பகல் பன்னிரண்டரை முதல் ஒரு மணி வரை என்னைப் பார்க்க வருகிறவர்கள் அலுவலகத்தில் காத்திருக்க வேண்டாம். வேப்பமரத்துக் குழாயடிக்கு வந்துவிடுங்கள், பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்