நிலவை முட்டையாக்கியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரை எழுதுபவர்களுக்கும் தயாரிப்பவர்களுக்கும் வணக்கம்.

2014 அக்டோபர் 4 அன்று ஒளிபரப்பான 'கில் த மூன்' எபிசோடைப் பற்றித்தான் இந்த மடல். நிலவே ஒரு பெரிய முட்டை, அதற்குள் ஒரு உயிர் வளர்கிறது, அதைக் கொல்வதா விடுவதா என்பதுதான் அதன் கதை. இத்தனை வருடம் கழித்து எதற்கு என்று தோன்றலாம். போன வாரம் அதை என் மகளோடு உட்கார்ந்து திரும்பப் பார்த்தேன். அவளுக்கு 12 வயது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு வந்த அதே இழுபறி அவளுக்கும் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கதை நடப்பது 2049-இல். மனிதர்கள் விண்வெளியை மறந்தே போய்விட்டார்கள். அருங்காட்சியகத்தில் கிடந்த பழைய விண்வெளி ஓடம் ஒன்றைக் கிளப்பி, அணுகுண்டுகளை ஏற்றிக்கொண்டு லண்ட்விக் என்ற விண்வெளி வீராங்கனை நிலவுக்கு வந்து இறங்குகிறாள். அந்த ஒரு விஷயத்திலேயே ஒரு காலகட்டத்தின் சோர்வு முழுக்கத் தெரிகிறது. நிலவின் தரைக்காக நீங்கள் லான்சரோட்டே தீவின் எரிமலைப் பூமிக்குப் போய் எடுத்தது வீண்போகவில்லை. அந்தக் கரிய சாம்பல் மண்ணில் அவர்கள் நடக்கும்போது, ஸ்டூடியோவில் போட்ட செட் என்ற எண்ணமே எழவில்லை. அப்புறம் அந்த யோ-யோ. டாக்டராக நடித்த பீட்டர் கப்பால்டி ஓடத்துக்குள் நின்றபடி யோ-யோவைக் கீழே விட்டுப் பார்க்கிறார். நிலவில் பூமியின் ஆறில் ஒரு பங்கு ஈர்ப்புதான் இருக்க வேண்டும். ஆனால் யோ-யோ வீட்டில் இறங்குகிற மாதிரி இறங்குகிறது. எங்கோ ஏதோ தப்பு என்று அந்தச் சின்ன விளையாட்டுப் பொருள் சொல்லிவிடுகிறது. என் மகள் சோஃபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவள் அப்படி உட்கார்ந்த பிறகுதான் நீங்கள் அந்த எண்ணைச் சொல்கிறீர்கள். நிலவின் எடை 130 கோடி டன் கூடிவிட்டதாம், அதனால்தான் பூமியில் கடல் பொங்குகிறதாம்.

கேட்பதற்குப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நிலவின் நிறையோடு ஒப்பிட்டால் அது ஏறக்குறைய 5,650 கோடியில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கூடினால் எப்படியோ அப்படி. அதை வைத்துக்கொண்டு கடல் பொங்காது, யோ-யோவும் வீட்டில் இறங்குகிற மாதிரி இறங்காது. பூமியில் நடப்பதுபோல் அங்கே நடக்க வேண்டுமானால் நிலவின் நிறை ஏறத்தாழ ஆறு மடங்காக வேண்டும். யோ-யோ காட்சியை அவ்வளவு அக்கறையாக எழுதியவர்கள் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுப் பார்க்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

நிலவு ஒரு முட்டை என்கிற கற்பனை எனக்குப் பிடிக்கும். அதில் சண்டை இல்லை. ஆனால் முட்டையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். எங்கள் அப்பத்தா கோழி அடை வைப்பாள். 21 நாள். நடுவில் ஒரு ராத்திரி டார்ச் லைட்டின் மேல் முட்டையை வைத்து, உள்ளே சிவப்பு நரம்பு ஓடுகிறதா, கூமுட்டையா என்று பார்ப்பாள். எனக்கும் ஒன்றைக் கையில் கொடுப்பாள். குஞ்சு வளர வளர முட்டை கனக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது லேசாகிறது. குஞ்சு உள்ளே இருக்கும் மஞ்சள் கருவைத் தின்றுதான் வளர்கிறது. ஓட்டின் நுண்துளை வழியாக ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. என் மகள் கேட்டதும் இதைத்தான்: "அம்மா, எல்லாம் முட்டைக்குள்ளேயே இருந்தா, கூடின எடை எங்கேருந்து வந்துச்சு?" என்னிடம் பதில் இல்லை. உங்கள் கதையிலும் இல்லை.

இத்தனைக்கும் அந்த எடை உங்களுக்குத் தேவையே இல்லை. ஓடு விரிகிறது, துண்டுகள் பூமிமேல் விழலாம் என்ற பயம் ஒன்றே போதுமே. 1969 நவம்பரில், அப்பல்லோ 12 குழுவினர் வேலை முடிந்த தங்கள் கலத்தின் மேல்பகுதியை நிலவின்மேல் மோதவிட்டார்கள். அங்கே வைத்துவிட்டு வந்த நிலநடுக்கமானி கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அதிர்வைப் பதிவு செய்தது. தட்டிய மணி மாதிரி. ஈரமில்லாத, வெடிப்பு விழுந்த பாறை என்பதால் அதிர்வு சீக்கிரம் அடங்கவில்லை என்பது விளக்கம். முட்டைக் கதை எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்குமா?

பாக்டீரியாவே சிலந்தி அளவுக்கு வளர்ந்து ஓடிவருவதைப் பற்றிப் பேசப் போவதில்லை. பயந்தோம், ரசித்தோம், சரி.

ஆனால் வாக்கெடுப்பை அப்படி விட முடியவில்லை. அந்த உயிரைக் கொல்லலாம் என்றால் விளக்கை அணையுங்கள், வேண்டாம் என்றால் எரியவிடுங்கள் என்று டாக்டரின் பயணத் தோழி கிளாரா பூமியைக் கேட்கிறாள். நகரங்கள் ஒவ்வொன்றாக இருள்கிற அந்தக் காட்சியில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கூடவே, பகல் பக்கத்தில் இருக்கும் பாதி உலகம் எப்படி வாக்களித்தது என்ற கேள்வியும் வந்தது. அணைக்க விளக்கே இல்லாத வீடுகளின் வாக்கு எங்கே போனது? ஒரு பெருநகரம் மொத்தமாக ஒரே நொடியில் இருண்டால், அந்த சுவிட்சில் இருந்தது யாருடைய கை? மனித குலமே முடிவெடுத்தது என்று லண்ட்விக் நம்புகிறாள். யார் யார் கேட்கப்படவில்லை என்று அங்கே ஒருவராவது சொல்லியிருந்தால், அணுகுண்டுகளின் கவுண்ட்டவுனைக் கடைசி நொடியில் கிளாரா நிறுத்துவதற்கு இன்னும் வலு கிடைத்திருக்கும்.

அடுத்து வருவதுதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். ஓடு உடைகிறது, யாருக்கும் கீறல்கூட இல்லை. இப்போதுதான் பிறந்த அந்த உயிர், தான் வெளியே வந்த அதே அளவில் இன்னொரு முட்டையை இட்டுவிட்டுப் பறந்துபோகிறது. வானத்தில் பழைய இடத்தில் புது நிலவு. ஒரு உயிரா, ஒரு உலகமா என்று அவ்வளவு கனமான கேள்வியைக் கேட்டுவிட்டு, இரண்டுமே இலவசம் என்று முடித்துவிட்டீர்கள். நிலவே இல்லாத வானத்தோடு அவர்களை ஒரு ராத்திரியாவது நிற்க வைத்திருக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்த எபிசோடை நான் கைவிடாததற்குக் காரணம் கடைசிச் சண்டை. இது உங்கள் நிலவு, நீங்களே முடிவெடுங்கள் என்று கிளாராவையும், பள்ளி மாணவி கோர்ட்னியையும், லண்ட்விக்கையும் விட்டுவிட்டு டாக்டர் கிளம்பிப் போனார் அல்லவா? திரும்பி வந்து, நல்லபடியாக முடிந்ததே என்ற முகத்தோடு நிற்கிறார். கிளாராவாக நடித்த ஜென்னா கோல்மன் அழுதுகொண்டே வெடிக்கிறார். எங்கள் மண்ணில் நடந்து எங்கள் காற்றைச் சுவாசிக்கிறாயே, அப்படியானால் இது உன் நிலவும்தான் என்கிற அந்தக் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். கதையில் யாருமே கொடுக்காத விலையைக் கிளாரா ஒருத்தி கொடுக்கிறாள். அவளுடைய நம்பிக்கைதான் அந்த விலை. கப்பால்டியின் முகத்தில் நிஜமாகவே எதுவும் புரியாத திகைப்பு.

இதை எழுதிய பீட்டர் ஹார்னஸ் அடுத்த வருடம், உருமாறும் வேற்றுக்கிரகவாசிகளான சைகான்கள் கதையோடு வந்தார். அதன் இரண்டாம் பாகத்தை ஸ்டீவன் மோஃபட்டும் சேர்ந்து எழுதினார். அங்கே இரண்டு பெட்டிகள், இரண்டு தரப்பு, மறுபடியும் ஒரு பயங்கரமான முடிவு. இந்தத் தடவை டாக்டர் அறையை விட்டுப் போகவில்லை. நின்று கெஞ்சுகிறார், கத்துகிறார், மன்னிக்கிறார். கிளாராவின் கோபத்துக்குப் பதில் அதுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதனால் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கிளாராவின் கோபத்துக்கு எடுத்துக்கொண்ட அக்கறையில் கால்வாசியை அந்த 130 கோடி டன்னுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன நடக்குமோ என்ற பதைப்பு முழுக்க அந்தக் கணக்கின்மேல்தான் நிற்கிறது. 12 வயதுப் பெண் ஒருத்தி அது சரியா என்று பார்க்கிறாள்.

படம் முடிந்ததும் அவள் ரிமோட்டை என்னிடமிருந்து வாங்கி, டாக்டரின் கலமான டார்டிஸுக்குள் நடக்கும் அந்தச் சண்டைக்குத் திரும்பப் போனாள். இரண்டாவது தடவையும் வாயைத் திறக்காமல் பார்த்தோம்.

அன்புடன்,
உங்கள் தொடரை விடாமல் பார்க்கும் ஒருத்தி