தயிர்ச்சட்டி உடையாத இறக்கம்

அண்டர்மாட், சுவிஸ்
செப்டெம்பர் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அம்மாவும் தம்பியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன கிழமை போனில், "மலை ரோட்டில் வான் ஓடுறியாம், கவனம் மனே" என்று சொன்னீர்கள். லைன் வெட்டி வெட்டி வந்ததால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதுதான் ஆறுதலாக எழுதுகிறேன்.

நம் கிழக்குக் கரையில் கல்லடியிலிருந்து கல்முனை வரைக்கும் ஒரு மேடு உண்டா அப்பா? நான் வண்டி பழகிய காலத்தில் கண்ட பெரிய கஷ்டமே, பழைய கல்லடிப் பாலத்தில் எதிர்ப்பக்க வாகனங்கள் வந்து முடியும்வரை காத்து நிற்பதுதான். இங்கே எங்கள் பேக்கரி வான் தினமும் கொத்தாட் கணவாய்க்குப் பாண் கொண்டுபோகிறது. உயரம் 2,106 மீற்றர். மலைக்குள்ளால் போகும் 17 கிலோமீற்றர்ச் சுரங்கப்பாதையை 1980இலேயே திறந்துவிட்டார்கள். அவசரக்காரர் அதற்குள்ளால் போய்விடுவார்கள். மேலே உள்ள கடைகளுக்குப் பாண் வேண்டுமென்றால் மலை ஏறித்தான் ஆகவேண்டும். சில நாட்களில் தெற்குப் பக்கம் பழைய ரோட்டாலும் இறங்குவோம். ட்ரெமோலா என்று பெயர். 24 கொண்டை முடக்குகள், ரோட் முழுக்கக் கல் பதித்தது.

ஜூனில் ஒரு காலை, தூறல் நேரம், அந்த ரோட்டில் இறங்கினேன். முடக்குக்குக் கிட்டே வந்ததும் கியரை மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றி, கிளச்சைச் சட்டென்று விட்டுவிட்டேன். வான் ஒரு உலுப்பு உலுப்பியது. முன்சில்லுகள் ஈரக் கல்லில் வழுக்கி, ஒரு கணம் ஸ்டியரிங் கையில் வெறுமையாக இருந்தது. பின்னால் பாண் கூடைகள் சரிந்தன. வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் கீழே போய்ச் சேரும்வரை என் கை நடுங்கியது.

பக்கத்தில் இருந்த போர்த்துக்கல்காரர், வயதில் உங்களைப் போன்றவர், ஏசவில்லை. "உன் காலுக்கு ஒரு வேலை தெரியவில்லை, நான் காட்டித் தருகிறேன்" என்றார். ஹீல்-டோ என்று சொல்வார்கள். அதாவது குதியும் விரலும். ஒரே வலது காலால் பிரேக்கையும் பிடித்து, அக்சிலேட்டரையும் தட்டிக் கொடுப்பது.

காரணம் இதுதான். எங்கள் வான் மூன்றாம் கியரில் போகும்போது என்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் நின்றால், அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு ஏறக்குறைய 3,700 சுற்று வேண்டும். அந்த இடைவெளியை நாம் நிரப்பாவிட்டால், கிளச்சை விட்டதும் சில்லுகள்தான் என்ஜினை இழுத்துச் சுற்றவைக்க வேண்டும். அந்த இழுவைதான் உலுப்பல். காய்ந்த ரோட் தாங்கும், ஈரக் கல் தாங்காது. அதனால் கிளச் உள்ளே இருக்கும்போதே அக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, சுற்றைக் காட்டும் முள்ளை மேலே ஏற்றி, பிறகு கிளச்சை விட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் பிரேக் ஒரே அளவில் இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

முதலில் நிறுத்தி வைத்த வானில்தான் பழகினேன். என்ஜினை நிறுத்திவிட்டுப் பழகினால் நாலைந்து மிதியில் பிரேக் கல்லாக இறுகிவிடும். ஆகவே நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டு, பாதத்தின் முன்பகுதியைப் பிரேக்கின் வலது ஓரத்தில் வைத்து, சின்னவிரல் பக்கத்தைச் சரித்து அக்சிலேட்டரைத் தட்டினேன். பெயரில் குதி இருந்தாலும் எங்கள் வானில் குதிக்கு வேலையே இல்லை. கணுக்காலைச் சரித்தால் போதும். ஆனால் தட்டும் ஒவ்வொரு முறையும் பிரேக்கும் சேர்ந்து ஆழமாகிவிட்டது. ஒரு கிழமை அப்படித்தான் போனது. அப்புறம் ஒரு நாள் பனிச்சப்பாத்தைக் கழற்றிவிட்டு மெல்லிய அடியுள்ள சப்பாத்தைப் போட்டேன். இரண்டு பெடலும் வேறு வேறாகக் காலில் தெரிந்தன.

இன்னொன்றும் விளங்கியது. பிரேக்கை மெல்லமாக மிதித்தால் அது அக்சிலேட்டரைவிட உயரமாகவே நிற்கும். அப்போது கால் எட்டாது. நன்றாக மிதித்தால்தான் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும். டவுனுக்குள் ஆமை வேகத்தில் போகும்போது இதைச் செய்ய முயன்றது வீண் வேலை. சில புதிய வாகனங்களில் இரண்டையும் சேர்த்து மிதித்தால் கம்ப்யூட்டர் அக்சிலேட்டரை வெட்டிவிடுமாம். எங்கள் வான் பழசு, பிரச்சினை இல்லை.

இப்போது முடக்குக்கு முன்னால் பிரேக், கிளச், கியர், ஒரு தட்டு, கிளச். கூடையில் ஒரு பாண் அசையாது. அப்படி முதல்முறை சரியாக வந்த அன்றைக்கு எனக்கு நம் லொறிதான் ஞாபகம் வந்தது அப்பா.

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். மகியங்கனைக்கு அப்பால் 18 வளைவு மலை ரோட்டை ஏறி முடித்து, கண்டிப் பக்கம் இறங்குகிறோம். பின்னால் தயிர்ச்சட்டிகள், இடையிடையே வைக்கோல். நீங்கள் செருப்பைக் கழற்றிச் சீற்றுக்கடியில் வைத்துவிட்டு வெறும் காலோடு லொறி ஓடினீர்கள். கியர்ப்பெட்டியில் சிங்க்ரோ, அதாவது கியர்களின் வேகத்தைத் தானாக ஒத்துப்போக வைக்கும் பாகம், தேய்ந்துபோயிருந்தது. கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுப்பீர்கள், விடுவீர்கள், என்ஜினை ஒரு ரேஸ் பண்ணுவீர்கள், திரும்பக் கிளச், பிறகு கியர். ஒரு கிறீச் சத்தம் வராது. கண்டியில் இறக்கும்போது ஒரு சட்டியும் வெடித்திருக்கவில்லை. நான் உங்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன், விளங்கவில்லை. இங்கே வந்து இத்தனை பாடுபட்டு நான் பழகியதில் பாதியை நீங்கள் அந்த இறக்கத்தில் செய்துகொண்டிருந்திருக்கிறீர்கள்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு நினைவில் தெளிவாக இல்லை. நீங்கள் ரேஸ் பண்ணும்போது கால் பிரேக்கை விட்டு வந்ததா, அல்லது பெருவிரல் பிரேக்கில் இருக்கக் குதியால் அக்சிலேட்டரை மிதித்தீர்களா? உங்கள் குதி திரும்பியிருந்தது போலத்தான் கண்ணுக்குள் நிற்கிறது. தம்பியிடம் சொல்லி எழுதி அனுப்புங்கள். இல்லாவிட்டால் ஞாயிறு வீடியோவில் எடுக்கிறேன், கதிரையில் இருந்து காலால் காட்டுங்கள்.

அம்மாவின் மருந்துக்கு இந்த மாதம் கொஞ்சம் கூடுதலாக அனுப்பியிருக்கிறேன். ஐப்பசி பிந்தினால் கணவாயைப் பனி மூடிவிடும், பிறகு மே கடைசி வரைக்கும் எனக்கு மேலே வேலை இல்லை. அதற்குள் உங்கள் பதில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்