ஆகஸ்டில் குரங்குக் குல்லா: சாம்பியன்ஸ் ஹாக்கி லீக் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். நான் கார்டிஃப் டெவில்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியின் ரசிகன். ஐரோப்பாவின் ஐஸ் ஹாக்கிக் கிளப் அணிகளுக்காக நீங்கள் நடத்தும் போட்டியில் எங்களைப் போன்ற சிறிய அணிகளுக்கு இடம் குறைந்துபோனதைப் பற்றித்தான் இந்த மடல். வேல்ஸ் தலைநகரில் ஐஸ் ஹாக்கிக்குப் பைத்தியமாக அலையும் தமிழர்களைக் கணக்கெடுத்தால் ஒரே காரில் ஏற்றிவிடலாம். இந்த மடலைத் தமிழில் எழுதினால் உங்களில் யார் படிக்கப்போகிறார்கள் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் தெருப் பலகை ஒவ்வொன்றிலும் வேல்ஸ் மொழியை விடாமல் எழுதிவைக்கும் ஊரில் குடியிருக்கிறேன். பெரிய மொழியில் சொன்னால்தான் காதில் விழும் என்ற நம்பிக்கை எனக்கு எப்போதோ போய்விட்டது.

முதலில் எங்கள் அணி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். டெவில்ஸ் பிறந்தது 1986இல். இருபது ஆண்டு ஆடிய அரங்கை நகர மேம்பாட்டுக்காக இடித்துவிட்டு, 2006இல் கார்டிஃப் குடாப் பகுதியில் தாற்காலிகமாக ஒரு கொட்டகை எழுப்பிக் கொடுத்தார்கள். நீல நிறம் என்பதால் 'பெரிய நீலக் கூடாரம்' என்று ஊரே அதற்குப் பெயர் வைத்தது. தாற்காலிகம் என்ற சொல்லுக்கு எல்லா நாட்டு அதிகாரிகளின் அகராதியிலும் ஒரே பொருள்தான் போலும்; அந்தக் கூடாரத்தில் பத்து ஆண்டு ஓடிற்று. 2016இல்தான் சொந்தமாக ஓர் அரங்கம் வந்தது. அதிலும் ஏறக்குறைய மூவாயிரம் பேர்தான் உட்காரலாம். இதே ஊரின் நடுவில் ரக்பிக்கு 74,000 பேர் அமரும் மைதானம் இருக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

அந்த மூவாயிரம் இருக்கை அரங்குக்கு, மறு ஆண்டே, உங்கள் போட்டி வந்தது. 2017 ஆகஸ்ட். சுவிட்சர்லாந்தின் டாவோஸ் அணியும் எங்கள் பிரிவில் இருந்தது. 1923 முதல் ஸ்பெங்லர் கோப்பை என்ற ஐஸ் ஹாக்கிப் போட்டியை நடத்திவரும் ஊர், மரக்கூரை வேய்ந்த அரங்குக்குப் பெயர்போன ஊர்! வெளியே கோடை வெயில். கைச் சட்டை இல்லாதவர்கள் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் பரணிலிருந்து இறக்கிய குரங்குக் குல்லாயோடு வரிசையில் நின்றேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். உள்ளே போனதும் சிரிப்பவர் யாரும் இல்லை.

தொலைக்காட்சியில் மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. முன்வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டம் முதலில் காதுக்குத்தான் எட்டும். பந்துக்குப் பதிலாக இங்கே அடிப்பது, ஆட்டத்துக்குமுன் உறையவைத்து எடுத்த வட்டமான ரப்பர் வில்லை. உறையாவிட்டால் பந்துபோல் துள்ளும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். எடை ஏறத்தாழ 165 கிராம். அது கண்ணாடித் தடுப்பில் வந்து மோதும்போது, கண்ணெதிரே தடுப்பு இருக்கிறது என்று தெரிந்தும் முகம் தானாகப் பின்வாங்கும். எங்கள் உள்ளூர் ஆட்டங்களில் அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்தான். அன்று அதன் வேகம் வேறு. பனியில் சறுக்குக் கத்திகள் கீறும் ஒலிகூட வேறு மாதிரி, சுருக்கமாகவும் கூர்மையாகவும் கேட்டது. வந்தவர்கள் நம்மைவிட ஒரு படி மேலே என்று கண்ணுக்குமுன் காது சொல்லிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2014இல் 44 அணிகளோடு தொடங்கினீர்கள். அடுத்த பருவத்தில் 48. 2017இல் அது 32 ஆனது. 2023 முதல் 24. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையை எங்கள் பாட்டிமார் இதைவிட மெதுவாகத்தான் சொல்வார்கள். தேய்ந்தது யாருடைய பங்கு? சுவீடன், பின்லாந்து, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, செக், ஆஸ்திரியா ஆகிய ஆறு லீக்குகள்தான் இந்தப் போட்டியை நிறுவியவை. பெரும்பாலான இடங்கள் இன்றும் அவர்களுக்கே. பிரிட்டன், டென்மார்க், போலந்து, பிரான்ஸ் போன்றவை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்கின்றன. 2017இல் கார்டிஃப், நாட்டிங்காம் என்று பிரிட்டனிலிருந்து இரண்டு அணிகள் ஆடின. 24 ஆக்கிய 2023இல் பெல்ஃபாஸ்ட் மட்டும்.

சிறிய அணிகளால் ஆட்டத்தின் தரம் குறைகிறது, அவை கோப்பையை வெல்லப்போவதில்லை என்பதுதான் எப்போதும் எங்களுக்குச் சொல்லப்படும் காரணம். வெல்லப்போவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கணக்கை உங்கள் வீட்டுக்குள்ளும் போட்டுப் பாருங்கள். 2015 முதல் 2025 வரை கோப்பையைத் தூக்கியவர்கள் யார்? லூலியோ, நான்கு முறை ஃப்ரோலுண்டா, யூவாஸ்குலாவின் ஜேஒய்பி, ரோக்லே, தப்பாரா, ஜெனீவா, சூரிச். சுவீடன், பின்லாந்து, சுவிட்சர்லாந்து தவிர வேறு நாடு இல்லை. நிறுவியவர்களில் பாதி, அதாவது ஜெர்மனியும் செக்கும் ஆஸ்திரியாவும், அந்தப் பத்துக் கோப்பைகளில் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஆனாலும் அவர்களின் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. நகர்த்த வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. வெல்லாதவனுக்கு இடமில்லை என்ற விதி வாசலில் நிற்பவனுக்கு மட்டும் ஏன் என்றுதான் கேட்கிறேன்.

நாட்டிங்காம் கதையை நீங்களே மறந்திருக்க மாட்டீர்கள். 2017 ஜனவரியில், இத்தாலியில் போல்சானோவுக்கு மேலே உள்ள ரிட்டன் மலைச்சமவெளியில், உங்கள் போட்டிக்கு அடுத்த நிலை ஐரோப்பியக் கிளப் போட்டியான கான்டினென்டல் கோப்பையை வென்றது அந்த அணி. ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வென்ற முதல் பிரிட்டிஷ் ஐஸ் ஹாக்கி அணி அதுதான். அந்த வெற்றியின் பரிசாக உங்கள் போட்டியில் இடம் கிடைத்தது. அவர்கள் பிரிவில் யார்? பதினேழாயிரம் பேர் கூடும் அரங்கை வைத்திருக்கும் சுவிஸ் சாம்பியன் பெர்ன், பின்லாந்தின் துர்க்கு, செக்கின் மவுன்ட்ஃபீல்ட். நாட்டிங்காம் அந்தப் பிரிவிலிருந்து முன்னேறி, 16 அணிகள் மட்டும் மிஞ்சும் அடுத்த சுற்றுக்குப் போனது. (போட்டி அணியைப் புகழ்வது டெவில்ஸ் ரசிகனுக்கு எளிதில்லை. இந்த ஒரு பத்தியோடு விட்டுவிடுகிறேன்.)

எங்கள் அணிகளில் பாதிக்கு மேல் கனடாக்காரர்களும் அமெரிக்கர்களும்தானே என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். உண்மைதான். ஆனால் மீதி இருப்பவர்களைப் பாருங்கள். 2017, 2018, 2019 என்று தொடர்ந்து மூன்று பருவங்கள் டெவில்ஸ் உங்கள் போட்டியில் ஆடியது. அந்தக் காலத்தில் எங்கள் கோல் கீப்பர் பென் பவுன்ஸ், பிரிட்டனில் பிறந்தவர். சுவீடனும் சுவிட்சர்லாந்தும் வளர்த்த கைகள் அடித்த அடிகளை ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வாங்கிப் பழகியவர். 1994க்குப் பிறகு முதல் முறையாக உலகப் போட்டியின் உயர்பிரிவுக்குள் நுழைந்த பிரிட்டன், 2019 மே மாதம் ஸ்லோவாக்கியாவின் கோஷிட்சேயில் பிரான்ஸிடம் 0-3 என்று பின்தங்கி, கூடுதல் நேரத்தில் 4-3 என்று வென்று அந்தப் பிரிவிலேயே தங்கியது. வலையைக் காத்தவர் பவுன்ஸ். அந்தப் பதற்றத்தில் நிற்கும் பழக்கம் எங்கள் உள்ளூர் லீக்கில் மட்டும் கிடைத்ததா என்ன?

இன்னொன்றும் இருக்கிறது, என்னை அதிகம் உறுத்துவது இதுதான். முன்பு நான்கு அணிகள் ஒரு பிரிவு. ஒவ்வோர் எதிரணியோடும் இரண்டு ஆட்டம், அங்கே ஒன்று, இங்கே ஒன்று. இப்போதும் ஆறு ஆட்டம்தான், ஆனால் ஆறு வெவ்வேறு அணிகளோடு. யாரையும் இரண்டாவது தடவை பார்ப்பதில்லை. பெரிய அணிகளுக்கு இது பன்முகச் சுவை. எங்களுக்கோ, பாடம் நடத்திவிட்டுத் தேர்வு வைக்காமல் ஆசிரியர் மாற்றலாகிப் போவது போன்றது. எங்கள் லீக் செப்டம்பரில்தான் தொடங்குகிறது. வெளிநாட்டு வீரர்கள் பலர் ஒருவரையொருவர் சந்தித்துச் சில வாரங்கள்கூட ஆகியிருக்காது. அந்த நிலையில் வாங்கிய தோல்வியிலிருந்து கற்றதை, அதே அணியிடம் செய்து காட்ட ஒரு மாலைகூட இல்லை.

எனக்கு வேண்டியது இரண்டுதான். மறுபடி 32 ஆக்குங்கள். கூடும் எட்டு இடங்களையும் வாசலில் நிற்பவர்களுக்கே கொடுங்கள். இரண்டாவது, ஒரே அணியை இரண்டு முறை சந்திக்கும் பழைய முறையைக் கொண்டுவாருங்கள். செலவு கூடும் என்றால் கூடட்டும். பல பெரிய நகரங்களில் உங்கள் ஆட்டங்களுக்குக் கூட்டம் சேர்வதில்லை என்பது ஊரறிந்த ரகசியம். இங்கே மூவாயிரம் இருக்கைதான், ஆனால் நிரம்பும்.

2025 ஜனவரியில் டெவில்ஸ் இதே அரங்கில் கான்டினென்டல் கோப்பையை வென்றது. பத்தாண்டு கூடாரத்தில் ஒதுங்கியிருந்த அணிக்கு முதல் ஐரோப்பியக் கோப்பை. பக்கத்து இருக்கைக்காரர், வருடக்கணக்காக என்னிடம் தலையசைப்பதோடு நிறுத்திக்கொள்பவர், கட்டிப்பிடித்ததில் என் குல்லா விழுந்து யார் காலடியிலோ போய்விட்டது. புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இந்த ஊரில் டிசம்பருக்கு அது போதும். ஆகஸ்டிலும் அதை வெளியே எடுக்க வேண்டியிருக்குமா என்பதை மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
முன்வரிசை ரசிகன்,
கார்டிஃப்