சர்க்கரை மேல் மாவு

பிரிக்ஃபீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் மாமாவும் நலம். பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருக்கிறாய், ஜனவரியில் காஷ்மீர் குல்மார்க்கில் ஸ்கீ பயிற்சி என்று அம்மா சொன்னாள். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே.

இந்த ஊரில் குளிரே கிடையாது. மத்தியானம் வெயில் மண்டையைப் பிளக்கும், சாயங்காலம் மழை கொட்டும், ராத்திரியும் ஃபேன் ஓட வேண்டும். இங்கே நான் வேலை பார்ப்பது பனிக்கோட்டு விற்கும் கடையில். டிசம்பரில் ஜப்பான் போகிறவர்கள் கூட்டமாக வருவார்கள். அதில் ஒருவர் கிள்ளான் தமிழர், வருஷாவருஷம் நிசெக்கோ மலையில் ஸ்கீ ஓட்டுகிறவர். அங்கே தினம் காலையில் பனிச்சரிவு நிலவரம் எழுதிப் போடுவார்களாம். ஆபத்தென்றால் காட்டுச் சரிவுக்குப் போகும் கதவைத் திறக்கவே மாட்டார்களாம். உன்னைப் பற்றிச் சொன்னதும், பனிச்சரிவு எப்படி உண்டாகிறது என்று ஒரு மணி நேரம் நின்று விளக்கினார்.

அதை வீட்டுக்கு வந்து செய்து பார்த்தேன். தாம்பாளத்தில் துண்டு விரித்து, சர்க்கரை பரப்பி, மேலே ஈரப் புட்டு மாவை அழுத்தினேன். சாய்த்தேன், அசையவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்து விரலால் தட்டினேன். குறுக்கே ஒரு கோடு விழுந்து, மாவு பலகையாகச் சறுக்கி என் மடியில் விழுந்தது. பனியும் அப்படித்தானாம். முதலில் விழுந்தது கடுங்குளிரில் கிடந்து சர்க்கரை மாதிரி மணல்மணலாகிவிடும். அதன்மேல் புதுப்பனியும் காற்று அள்ளி வந்த பனியும் இறுகி உட்காரும். பார்க்கத் திடமாகத் தெரியும். 30 முதல் 45 டிகிரி சரிவுதான் எமன். ஆளைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை அந்த ஆளோ கூட வந்தவரோ வைத்த காலில்தான் உடைகின்றனவாம். என் விரல் மாதிரி.

காலடியில் 'வும்' என்று பனி அமுங்கினாலோ, ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடினாலோ மேலே போகாதே. கனத்த பனி கொட்டிய மறுநாளும், திடீரென்று வெயில் ஏறும் நாளும் மோசம். சரிவை ஒவ்வொருவராகக் கடந்துபோங்கள். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். அரை மணி தாண்டினால் கஷ்டம். புதைந்த இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி, குத்திப் பார்க்கும் கம்பி, ஷவல் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். பயிற்சி தரும் உங்கள் உஸ்தாத் இதையெல்லாம் சொல்லித்தருவார், தெரியும். ஆனாலும் அக்கா சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவில் ராணுவ வீரர்கள் 10 பேர் புதைந்தார்களே, அதில் நம் வேலூர் மாவட்டத்துக்காரரும் ஒருவர். அம்மா டிவி முன்னாலேயே கிடந்தாள். இங்கேயும் 2022 டிசம்பரில் பத்தாங் காலியில் மண் சரிந்து, கூடாரத்தில் தூங்கியவர்கள் 31 பேர் போனார்கள். மழை பெய்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது.

மாமாவின் நண்பர் கையில் பார்சல் வருகிறது. கையுறை இரண்டு ஜோடி, சாய்வு அளக்கும் சின்னக் கருவி ஒன்று உனக்கு. கோடாலித் தைலம் அம்மாவின் முழங்காலுக்கு. பயிற்சி முடிகிற தேதியை எழுது, காலண்டரில் குறித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா