தேவப்பிரயாகையில் ஒரு ராத்திரி தங்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. பத்ரியில் திவ்ய தரிசனம். இப்போது ரிஷிகேஷுக்கு இறங்கி வந்துவிட்டோம். 3,100 மீட்டருக்கு மேலே அப்பாவுக்கு மூச்சு வாங்குமோ என்று பயந்தாயே, ஒன்றும் ஆகவில்லை. தப்தகுண்டத்து வெந்நீர் ஊற்றை விட்டு அவரை எழுப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

நீ அனுப்பிய டூர் விவரத்தைப் படித்தேன். விடியற்காலை ரிஷிகேஷில் கிளம்பி ராத்திரிக்குள் பத்ரி, மறுநாள் தரிசனம், உடனே இறக்கம். வேண்டாம் கண்ணம்மா. நதியைப் பார்க்காமல் பத்ரிநாதரை மட்டும் பார்த்துவிட்டு வருவதில் எனக்குச் சம்மதமில்லை. வழியெல்லாம் அலகநந்தா கூடவே வருகிறாள். தேவப்பிரயாகையிலாவது ஒரு ராத்திரி தங்கு.

ரிஷிகேஷிலிருந்து 70 கி.மீ.தான். பாகீரதியும் அலகநந்தாவும் கூடி, கங்கை என்று பெயர் வாங்குவது அங்கேதான். சங்கமத்துப் படித்துறையில் பிடித்துக்கொள்ள இரும்புச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். ஒரு கையால் அதை இறுகப் பிடித்துக்கொண்டு மறு கையால் சொம்பில் மொண்டு ஊற்றிக்கொண்டேன். முதல் சொம்புக்கே தாடை கிட்டிப் போயிற்று. நாங்கள் பார்த்தபோது பாகீரதி பச்சையாக வந்தாள், அலகநந்தா மண்ணைக் கரைத்துக்கொண்டு கலங்கலாக. சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் இரண்டு நிறமும் தனித்தனியாகத் தெரிந்தது. பாகீரதியின் வண்டல் மேலே டெஹ்ரி அணையிலேயே படிந்துவிடுகிறது. 260 மீட்டர் உயர அணை அது. பழைய டெஹ்ரி ஊரே அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறது. அந்தப் பச்சையைப் பார்த்து ரசிக்க எனக்கு முழு மனசு வரவில்லை.

படியேறினால் ரகுநாதர் கோயில். பெரியாழ்வார் கண்டமென்னும் கடிநகர் என்று பாடியது இந்த ஊரைத்தான். கோயிலுக்குப் பின்னால் பாறையில் பிராமி எழுத்தில் பழைய யாத்திரிகர்களின் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. ரோடு ஏது, பஸ் ஏது அப்போது! நடந்தே வந்தவர்கள். அதைத் தொட்டுப் பார்க்காமல் நின்றுகொண்டே இருந்தேன், அப்பா கூப்பிடும் வரை.

பிரயாகை என்றால் நதிகள் கூடும் இடம். மற்ற பிரயாகைகளில் வண்டியை நிறுத்தி, இறங்கி, தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். ருத்ரப்பிரயாகையில் கேதாரத்திலிருந்து வரும் மந்தாகினி, கர்ணப்பிரயாகையில் பிண்டர், நந்தப்பிரயாகையில் நந்தாகினி, விஷ்ணுப்பிரயாகையில் தவுளிகங்கை. ஆனால் ஜோஷிமடத்தில் நரசிம்மரை சேவிக்காமல் போகாதே. அவர் கை ஒன்று நாளாக நாளாக மெலிகிறதாம். அது உதிரும் நாளில் மலைகள் சரிந்து பத்ரிக்கு வழி அடைபடும் என்று அங்கே சொல்கிறார்கள். 2023 ஜனவரியில் அந்த ஊரில் வீடு வீடாக விரிசல் விட்டு, குடும்பங்களை வெளியேற்றினார்களே, நினைவிருக்கிறதா? மலையைக் குடைவதைப் பார்த்துக்கொண்டே வந்ததால் அந்தக் கதை எனக்கு வெறும் கதையாகப் படவில்லை.

ஜூலை, ஆகஸ்டில் கிளம்பாதே. மழையில் மலை சரிந்து ரோடு மூடிவிடும். செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்ல காலம். நவம்பரில் பத்ரி நடை சாத்திவிடுவார்கள். கம்பளி எடுத்துக்கொள். ராத்திரியில் மலைப் பாதையில் வண்டி ஓட்டச் சொல்லாதே.

பத்ரியின் பண்டாக்கள், அதாவது யாத்திரிகர்களுக்கான புரோகிதர்கள், பலருக்கு தேவப்பிரயாகைதான் சொந்த ஊர். எங்கள் பண்டா, நம் குடும்பத்தார் பெயர்களை எழுதி வைக்கும் பேரேட்டைப் பிரித்ததும் அப்பா உன் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் எழுதச் சொன்னார். குழந்தையின் பெயரை எழுதவில்லை. அதை நீங்கள் வந்து உங்கள் கையால் எழுத வேண்டும் என்கிறார்.

டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஒரு போன் பண்ணு. நாங்கள் தங்கிய இடத்தின் விவரம் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா