இஸேயில் எங்கள் அம்மாவைத் தூக்கிச் சுமந்தவர்களுக்கு

இந்த மடல் யாருக்குப் போய்ச் சேரவேண்டுமோ, அவர்களில் ஒருவரைத் தவிர வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. அதனால் ஜப்பானிய மொழியில் ஒரு பக்கம் எழுதி ஜப்பானின் இஸே ஊரிலுள்ள கோயில் அலுவலகத்துக்கு முன்பே அனுப்பிவிட்டேன். என் ஜப்பானியம் ‘மிக்க நன்றி, தொந்தரவு கொடுத்துவிட்டோம்’ என்பதோடு நின்றுவிடும். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதல் நன்றி அந்தத் தமிழ் தெரிந்தவருக்கு. நகோயாவில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை ஜப்பானியரின் பழைய சமயமான ஷிந்தோவின் நல்ல கோயில் ஒன்றுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றதும், “கியோத்தோ எல்லாம் அப்புறம். ரயிலில் ஒன்றரை மணி நேரம், இஸேக்குப் போங்கள். ஆனால் நேராக உள் கோயிலுக்குப் போகாதீர்கள், வெளிக் கோயில் முதலில்” என்றார். இஸேயில் பெரியதும் சிறியதுமாக 125 கோயில்கள். அவற்றில் தலையானவை இரண்டு. நைகூ என்னும் உள் கோயிலில் சூரிய தேவி அமத்தெராசு. கெகூ என்னும் வெளிக் கோயிலில் அவருக்கு உணவு படைக்கும் தேவி தொயோஉகே. கெகூவில் இன்றும் காலை மாலை இரு வேளையும் நைவேத்தியம் உண்டு என்று கேட்டதும் அம்மாவுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. “சமையல்காரரைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காரணும்” என்றார்.

கெகூவில் நாங்கள் பாதையின் நடுவில் நடந்துகொண்டிருந்தோம். ஒரு தாத்தா சிரித்தபடியே கையைக் காட்டி எங்களை இடது ஓரத்துக்கு நகர்த்தினார். நடுப்பாதை தெய்வத்துக்காம். உள் கோயிலில் வலது ஓரம் என்பதையும் சைகையிலேயே சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் நன்றி.

நைகூவுக்குள் போக இசுசு ஆற்றின் மேல் உஜி பாலத்தைக் கடக்க வேண்டும். நூறு மீட்டரைச் சற்றே தாண்டும் மரப்பாலம். அதன் இரு முனைகளிலும் நிற்கும் தோரி வாசல்கள், முன்பிருந்த பழைய கருவறைகளின் தூண்களில் செய்தவை. இங்கே 20 ஆண்டுக்கு ஒருமுறை கோயிலையே பக்கத்து மனையில் புதிதாகக் கட்டித் தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்கிறார்கள். கி.பி. 690இல் ஜிதோ பேரரசியின் காலத்தில் தொடங்கிய வழக்கம். உள்நாட்டுப் போர்களால் நடுவில் நூறு ஆண்டுக்கு மேல் நின்றுபோனாலும், 2013இல் நடந்தது 62ஆவது. அடுத்தது 2033. அதற்கான சடங்குகள் 2025 மே மாதமே தொடங்கிவிட்டன. “நாம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்து வர்ணம் அடிக்கிறோம், இவர்கள் வீட்டையே மாற்றிவிடுகிறார்களே” என்று அம்மா பாலத்தில் நின்றபடியே ஆச்சரியப்பட்டார். எட்டு வருஷம் முன்னாலேயே வேலை ஆரம்பம் என்பதில் எனக்கு இன்னும் ஆச்சரியம்.

பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஆற்றங்கரைக்கு இறங்கும் கற்படிகள். கை கழுவத் தொட்டி தனியாக இருக்கிறது. ஆனால் ஆற்றிலேயே கை நனைப்பதுதான் பழைய முறை. ஆறு என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அம்மாவைப் பிடித்து நிறுத்த முடியுமா? தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். திரும்பும்போது ஈரக் கல்லில் கால் பிசகியது. என் கைக்கு எட்டவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த இரண்டு நிமிடங்களுக்குத்தான் இந்த மடலே. பக்கத்தில் கை நனைத்துக்கொண்டிருந்த, அம்மா வயதே இருக்கும் ஒரு பெண்மணி தன் பையிலிருந்து நீளமான கைத்துண்டை எடுத்தார். ஆற்றில் நனைத்துப் பிழிந்து கணுக்காலைச் சுற்றி இறுக்கமாகக் கட்டினார். கட்டிய விதத்தைப் பார்த்தால் செவிலியராக இருந்திருப்பார் என்று தோன்றியது. பெயரைக் கேட்டேன், சொல்லவில்லை. கையை மட்டும் வீசினார். அதற்குள் யாரோ ஓடிப்போய்ச் சொல்லிக் காவலர் ஒருவர் சக்கர நாற்காலியோடு வந்துவிட்டார். நாற்காலிக்கு வாடகையா, எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடணும் என்று நான் பதறியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

வழி முழுக்கச் சரளைக் கல். சக்கரம் புதைந்து புதைந்து நின்றது. திரும்பிவிடலாம் என்றேன். அந்தப் பெண்மணிக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். “இவ்வளவு தூரம் வந்துவிட்டு?” என்று கேட்டு என் கூடவே தள்ள ஆரம்பித்தார். கருவறைக்கு முன்னால் கற்படிகள். அதற்குக் கீழேயே படம் எடுப்பதை நிறுத்திவிட வேண்டும். அங்கே நின்றிருந்த நான்கு இளைஞர்கள், யாரும் கூப்பிடாமலே ஆளுக்கொரு பக்கம் நாற்காலியைப் பிடித்தார்கள். நம் ‘ஐலசா’ போல அவர்களுக்கு ‘ஸே-னோ’. ஸே-னோ, ஸே-னோ என்று ஒவ்வொரு படியாக ஏறினார்கள். அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டபடியே போனார். உள்ளே இருந்த தேவி தப்பாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

மேலே பார்க்க அதிகமில்லை. நான்கு அடுக்கு வேலி, வாசலில் தொங்கும் வெள்ளைத் துணி, அதற்குப் பின்னால் வர்ணப்பூச்சு எதுவும் இல்லாத ஹினோக்கி என்னும் சைப்ரஸ் மரக் கட்டடம், மேலே புல் வேய்ந்த கூரை. சிலையும் இல்லை, தீபாராதனையும் இல்லை. இருமுறை குனிந்து, இருமுறை கை தட்டி, மறுபடி ஒருமுறை குனிய வேண்டும். அம்மா கையில் ஒரு பெரிய பட்டியல் வைத்திருந்தார்: தம்பி கல்யாணம், நிலப் பத்திரம், முட்டி வலி (இப்போது கணுக்காலும் சேர்த்து). அப்போதுதான் அந்தப் பெண்மணி தணிந்த குரலில் சொன்னார்: இங்கே எதுவும் கேட்பதில்லை, நன்றி மட்டும்தான். வேண்டுதல் இருந்தால் பின்னாலிருக்கும் அரமத்சுரி-நோ-மியா சன்னதிக்குப் போகவேண்டும். நான் மொழிபெயர்த்தேன். அம்மா ஒரு நிமிடம் முழித்தார். பிறகு திரும்பி, தூக்கி வந்த நான்கு பையன்களைப் பார்த்துக் கை கூப்பினார். அவர்கள் வெட்கப்பட்டு மாறி மாறிக் குனிந்தார்கள். அப்புறம்தான் தேவியின் பக்கம் திரும்பினார்.

அரமத்சுரிக்கும் படி உண்டு. இன்னொரு ‘ஸே-னோ’வுக்கு அம்மா சம்மதிக்கவில்லை.

கீழே கடைத்தெருவில் எங்களுக்குச் சோறு போட்ட அம்மாளையும் விட்டுவிடக் கூடாது. இஸே உதோன் என்று கருஞ்சாற்றில் பிரட்டிய தடிமனான நூடுல்ஸ் இங்கே பிரபலம். சைவம் என்று நான் சொன்னதும், சாற்றில் மீன் இருக்கிறது என்று கைப்பேசியில் எழுதிக் காட்டித் தட்டையே திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். சும்மா இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. வெறும் சோறும் ஊறுகாயும் கொண்டுவந்து வைத்தார். பிறகு அகஃபுகு மோச்சி: பசையரிசி உருண்டையின் மேல் சிவப்புப் பயறு விழுது. 1707 முதல் விற்கிறார்களாம். விழுதின் மேல் விரல் தடம்போல் இருக்கும் வரிகள் இசுசு ஆற்றின் ஓட்டமாம், கீழே வெள்ளை உருண்டை ஆற்றுக் கூழாங்கல்லாம். “அந்தக் கல்லா? கொடு, கடித்துத் துப்புகிறேன்” என்றார் அம்மா.

அந்தத் தெருவில் ஒரு சந்துக்கு ஒகாகே யோகோச்சோ என்று பெயர். ‘காகே’ என்றால் நிழல். யாராவது நலம் விசாரித்தால் ஜப்பானியர் ‘ஒகாகேசாமா தே’ என்பார்கள். உங்கள் நிழலில் நன்றாக இருக்கிறேன். நம் ‘உங்க புண்ணியத்துல’ அப்படியே இதுதான். ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில் (1603–1868) இஸேக்கு அலையலையாக வந்த யாத்திரைக்கும் ஒகாகே மைரி என்றே பெயர். 1830இல் மட்டும் 40 இலட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். முதலாளியிடம் சொல்லாமல் கிளம்பிய வேலையாட்களும், வீட்டில் சொல்லாமல் ஓடிவந்த பிள்ளைகளும் அதில் உண்டு. கையில் காசில்லாமல் ஓர் அகப்பையை மட்டும் ஏந்தி வந்தார்கள். வழியிலிருந்த ஊர்க்காரர்கள் சோறும் வைக்கோல் செருப்பும் படுக்க இடமும் கொடுத்தார்கள். வரமுடியாதவர்கள் கழுத்தில் காசைக் கட்டி நாயை அனுப்பினார்களாம். அதையும் ஊர் ஊராகச் சோறு போட்டு இஸே வரை சேர்த்திருக்கிறார்கள். கடைகளில் அந்த நாயின் பொம்மை விற்கிறது. அம்மா ஒன்று வாங்கிக்கொண்டார்.

கால் வெறும் சுளுக்குதான், பத்து நாளில் சரியாகிவிட்டது.

அந்தக் கைத்துண்டு மட்டும் எங்களிடமே தங்கிவிட்டது. வெள்ளையில் நீல அலை போட்டது. ரயிலில் ஏறிய பிறகுதான் காலிலேயே இருப்பதைப் பார்த்தோம். துவைத்து, இஸ்திரி போட்டு, ஊரில் அம்மா தன் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறார். புதுக் கோயில் பார்க்க 2033இல் வரும்போது கையிலேயே கொண்டுவந்து தருவாராம். அம்மாவுக்கு அப்போது எழுபத்தொன்பது வயது இருக்கும். அதற்கு முன்னால் வேண்டுமென்றால், கோயில் அலுவலகத்தில் என் விலாசம் இருக்கிறது. ஒரு வரி எழுதுங்கள்.