டப்பாவின் பின்பக்கத்தையும் படியுங்கள்

ஆசிரியருக்கு,

கடைகளில் ‘கிரீக் யோகர்ட்’ என்ற பெயரில் விற்கும் கெட்டித் தயிரெல்லாம் துணியிலோ சல்லடையிலோ தண்ணீரை வடித்த தயிர் அல்ல. வடிகட்டியதென்றால், டப்பாவின் பின்பக்கப் பட்டியலில் பாலும் உறைக்கான நுண்ணுயிரும் இருந்தாலே போதும். தண்ணீர் வடிந்துவிடுவதால் 100 கிராமில் புரதம் 8 முதல் 10 கிராம் வரை இருக்கும். சாதாரணத் தயிரில் மூன்று, நான்குதான். ‘கிரீக் ஸ்டைல்’ என்று போட்டு ஸ்டார்ச், ஜெலட்டின், பெக்டின் போன்ற கெட்டியாக்கும் பொருள்களைச் சேர்த்தவற்றில் புரதம் பெரும்பாலும் அந்த அளவை எட்டாது.

ருசி பார்க்க இனிப்பில்லாத வகையையே எடுக்க வேண்டும். ஸ்ட்ராபெரி எந்தக் குறையையும் மூடிவிடும்! அதிகக் குளிரில் நாக்கு மரத்துப்போகும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் பொறுக்கலாம். கலக்குமுன் ஸ்பூனால் ஒரு குழி தோண்டிப் பாருங்கள். நன்கு வடித்த தயிரில் விளிம்பு சரியாமல், சற்றுச் சொரசொரப்பாக நிற்கும். ஜெலட்டின் போட்டது ஜெல்லிபோல வழவழவென்று வெட்டுப்படும், தட்டினால் ஆடும். வாயில் சுண்ணாம்புத்தூள்போல் வறண்டு ஒட்டினால், பால்பவுடரோ புரதப்பொடியோ கூடிவிட்டதாக இருக்கலாம். கசப்பும் ஈஸ்ட் வாடையும் கெட்டுவருவதன் அடையாளம். மேலே தேங்கும் தண்ணீர் குறையல்ல, கலக்கிவிடலாம்.

வடித்ததா, கெட்டியாக்கியதா என்பதை நிறுவனங்கள் முன்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

- ஒரு வாசகர்